பலா மரத்துக் கயிறு

2024 ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்குக் கிளம்பிய முதல் பேருந்தில் பாஞ்சாலையும் அவள் மகள் அருணாவும் இருந்தார்கள். போளூரில் மாறி வேலூர் போகவேண்டும்.

அருணாவுக்கு முப்பத்திரண்டு வயது. திருப்பத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். மலைப்பாதை முழுக்கக் காதில் பஞ்சை அடைத்துக் கண்ணை மூடியிருந்தாள். ஹாரன் சத்தம் அவளுக்கு அடி விழுவதுபோல. யாரோடும் ஒட்டுவதில்லை, முகம் பார்த்துப் பேசுவதில்லை என்ற புகாரிலேயே இரண்டு பள்ளிகளை விட்டாயிற்று. தனக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று அவளாகவே படித்துத் தெரிந்துகொண்டு, பெரியவர்களையும் சோதித்துச் சொல்லும் தனியார் கிளினிக் ஒன்றை வேலூரில் தேடிப் பிடித்திருந்தாள். சிறுவயதில் எப்படி இருந்தாள் என்று வளர்த்தவர் வந்து சொல்லவேண்டும் என்றார்கள்.

"நீ பாத்தத பாத்த மாதிரி சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்," என்றாள் போளூரில் இறங்கும்போது.

"எனக்குத் தெரியாதா? நான் இன்னா, பச்சக் கொழந்தயா?"

வேலூர் கிளினிக்கில் இருந்த டாக்டர் ஜெப்சிக்குச் சின்ன வயதுதான். அருணாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். எப்போது பேசினாள்? மற்ற பிள்ளைகளோடு விளையாடினாளா? பிடிவாதம் உண்டா?

பெண் பார்க்க வந்தவர்களும் சுற்றி வளைத்து இதையேதான் கேட்டார்கள். பதில் பாஞ்சாலையின் நுனிநாக்கில் தயாராக இருந்தது.

"ஒரு வயசு திரும்பறதுக்குள்ள பேசிடுச்சிங்க. ஊரு புள்ளைங்க அத்தினியும் எங்க வூட்லதான். பிடிவாதமா? சத்தமா பேசக்கூட தெரியாதுங்க. தங்கமான பொண்ணு."

டாக்டர் எழுதிக்கொண்டார். களையெடுக்கும்போது ஓடுகிற பிள்ளையை இடுப்பில் கயிறு போட்டு மரத்தில் கட்டுவது அவர்கள் ஊரில் எல்லோரும் செய்ததுதான். சொன்ன சொல் புரிகிற வயது வந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். அருணாவை அவள் ஏழு வயதுவரை கட்டினாள். பேச்சு வந்ததே ஐந்தில்தான். இந்தப் படித்த பெண்ணிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அருணாவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"நீங்க சொல்றது எல்லாம் பொருந்துது, அருணா. ஆனா சின்ன வயசுலயே அடையாளம் இருந்திருக்கணும். அம்மா சொல்றதப் பாத்தா அப்படி எதுவும் இல்ல. இத வெச்சு நான் உறுதியா சொல்ல முடியாது."

அருணா அம்மாவைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். "பலா மரத்துல கட்டிப் போடுவியே, அத சொன்னியாம்மா? பச்சக் கயிறு."

பாஞ்சாலை டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு அங்க புடிச்சிருந்துது. யாரும் கிட்ட வரமாட்டாங்க. புளியங்கொட்டய வரிசையா வெச்சினு இருப்பேன்."

குறையாகச் சொல்லவில்லை அவள். அதுதான் பாஞ்சாலையை இன்னும் சுட்டது.

"நான் பொய் சொல்லிட்டங்க," என்றாள். கயிறு, பேசாத வருடங்கள், சந்தைக்குக் கூட்டிப்போனால் காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் புரண்டது, அதற்குத் தன் கையால் விழுந்த அடி, எல்லாவற்றையும் கொட்டினாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "மொதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. நான் எத எடுத்துக்கறது? அப்ப கூட இருந்தவங்க வேற யாராச்சும் பேசணும்."

ஒருத்தி இருந்தாள். நாத்தனார் செல்லி. "புள்ள வளக்கறியா, கன்னுக்குட்டி வளக்கறியா?" என்று ஊர் நடுவில் கேட்டவள். அன்றோடு பாஞ்சாலை அவளிடம் பேச்சை நிறுத்தினாள். சாவு வீட்டில்கூட முகம் கொடுத்ததில்லை.

கிளினிக் வாசலில் நின்று அருணாவின் போனில் கூப்பிட்டாள்.

"யாரு, அண்ணியா? இன்னா, நம்பரு மாத்திப் போட்டுட்டியா?"

"உனுக்குதான் போட்டேன். அருணாவ கட்டிப் போட்டனே, அத நீ டாக்டருகிட்ட சொல்லணும்."

"ஏன், நீ சொல்றதுதான?"

"சொல்லிட்டேன். மொதல்ல பொய் சொன்னேன். இப்ப நான் சொன்னா எடுபடல."

செல்லி சிரித்துவிட்டாள். பாஞ்சாலை சிரிக்கவில்லை.

"நீ அன்னிக்கி கேட்டது சரிதான், செல்லி."

"அத வுடு. டாக்டரு நம்பர குடு."

மறுவாரம் செல்லி டாக்டரிடம் பேசினாள். அக்டோபரில், அருணாவுக்கு இருப்பது ஆட்டிசம்தான் என்று உறுதி செய்தார்கள். அதைக் கேட்க அவள் தனியாகத்தான் வேலூர் போனாள். மலையில் சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுப் பாஞ்சாலையால் போக முடியவில்லை.