எல்லையாக வந்த ஆறு

1961 தை மாதம் எங்கள் கிராம சபை இரண்டாகப் பிரிந்தது. அதுவரை ஆற்றுக்குக் கிழக்கே கடற்கரைக்கும் மேற்கே வயல் ஊர்களுக்கும் ஒரே சபைதான். அதன் தலைவர் கரையூர் மத்தேயு. வயல் பக்கத்து உறுப்பினர் வீரகத்தி.

"வரி எங்கட. தெருவெல்லாம் கரைக்கு" என்று ஒன்பது வருடம் மனு எழுதி, வீரகத்தி தனிச்சபை வாங்கினார். அதற்குத் தலைவரும் ஆனார். ஆறு எல்லையானது.

"வயல்காரருக்குச் சபை நடத்தத் தெரியுமோ?" என்று மத்தேயு கூட்டத்தில் கேட்டிருந்தார். அந்த வார்த்தை வீரகத்திக்கு ஆறவேயில்லை. ஆற்றின் மேலிருந்த மரப்பாலம் உக்கிவிட்டது, சேர்ந்து திருத்துவோம் என்று அடுத்த வருடம் மத்தேயுவின் சபை கடிதம் அனுப்பியது. "பாலம் எமது எல்லைக்குள் இல்லை" என்று வீரகத்தி பதில் எழுதுவித்தார்.

கார்த்திகை வெள்ளத்தில் பாலத்தின் நடுப்பகுதி போனது. ஆறாம் நாள் மத்தியானம், வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த வீரகத்தியின் மகள் சிவனேஸ்வரியை நாகம் தீண்டியது. பதினேழு வயது. விசகடிக்கு மருந்து செய்யும் பரியாரியார் இருந்தது அக்கரையில்.

வண்டியில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு இமைகள் தொங்கிவிட்டன.

"ஐயா, பாலத்துக்கு வந்திட்டமே?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றார் வீரகத்தி.

அக்கரையில் கண்டவர்கள் ஓடிப்போய் மத்தேயுவிடம் சொன்னார்கள். அவர் கடலிலிருந்து ஒரு வள்ளத்தை வண்டியில் ஏற்றிவந்து ஆற்றில் இறக்கினார். அதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. வெள்ளத்தின் இழுவைக்குள் தாமே கோல் ஊன்றி வந்து, "அண்ணை, பிள்ளையைத் தாங்கோ" என்று கைகளை நீட்டினார்.

பரியாரியார் அக்கரையில் தண்ணீருக்குள் இறங்கிக் காத்து நின்றார். வள்ளம் தட்டியதும் நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு அவளுடைய கையை மெதுவாக மார்பின் மேல் வைத்தார்.

"அந்தக் கடிதம் நான் சொல்லி எழுதுவிச்சது" என்றார் வீரகத்தி.

மத்தேயு கோலைப் பிடித்தபடியே நின்றார். "நானும் ரெண்டாந்தரம் கேட்டிருக்கலாம். ரோசத்திலை விட்டிட்டன்."

பங்குனியில் இரண்டு ஊராரும் சேர்ந்து புதுப் பாலம் போட்டார்கள். அதற்கு முன்பே வீரகத்தி சபையை விட்டு விலகியிருந்தார்.

கடிதத்தின் கதையை மனைவி நாகேஸ்வரிக்கு, செத்தவீடு முடிந்த எட்டாம் நாள் அவரே சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"ஆரும் சொல்லி நான் அறியாமல், நீங்களே சொன்னது நல்லது" என்றாள். சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அதன் பிறகும் அவருக்குச் சோறு போட்டாள். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே இருந்தாள். ஆனால் அவர் கண்மூடும்வரை, மகளின் பெயரை அவர் காதுபட அவள் ஒருநாளும் சொல்லவில்லை.