விறைப்பு இறங்கும் நேரம்

ஆஸ்பத்திரி மிஸி மருந்துக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அடியில் கிடந்ததையெல்லாம் ஊசி உறிஞ்சிக்கொண்டது.

"இதுதான் கடைசி, சிமியோன் அண்ணை. இனி மருந்துக் கப்பல் வந்தால்தான் விறைப்பு மருந்து."

வள்ளத்துக்கும் இறங்குதுறைக்கும் இடையில் நசிந்த சிமியோனின் முழங்காலைக் கீறித் திறந்து, உடைந்த முழங்கால் சில்லைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். தினமும் காயத்தைச் சுற்றி ஊசி போட்டு, விறைத்ததும் காலை மடக்கிப் பழகவேண்டும். மடங்காவிட்டால் அது தடியாகிவிடும். தடிக்காலோடு வள்ளத்தில் குந்தியிருந்து வலை இழுக்க முடியாது.

சற்று நேரத்தில் முழங்கால் அவனை விட்டுப் போயிற்று. யாரோ ஒருவருடைய காலைப்போல அது மெல்ல மடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலால் வந்த காற்று மற்றக் காலில் மட்டும் பட்டது.

"அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன்," என்றாள் அவன் மனைவி யோசப்பின். "கோயில் வாசலிலையிருந்து பீடம் வரைக்கும் நீங்கள் முழங்காலிலை வருவியளெண்டு."

"என்ரை முழங்காலை வைச்சோ? உன்னட்டையும் ரெண்டு கிடக்குத்தானே!"

பக்கத்துக் கட்டிலில் வயிற்றுத் தையலோடு கிடந்த நமசிவாயம் சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எங்கடை கோயிலெண்டால் ஆளை உருட்டியிருப்பம், பிள்ளை. தப்பியிட்டார்."

சிமியோன் கட்டில் சட்டத்தைப் பிடித்து நல்ல காலை நிலத்தில் ஊன்றினான்.

"என்ன செய்யிறியள்?"

"இப்ப நோகேல்லை. இந்த வாட்டுக்குள்ளையே முழங்காலிலை போய் நேர்த்தியை முடிச்சுவிடுறன்."

யோசப்பின் அவன் தோள்களைப் பிடித்து அழுத்தினாள். "கம்பி அறுந்துபோம்! நோகாமல் செய்தால் அது நேர்த்தியோ?"

"அப்ப நான் நோகவேணுமெண்டோ நேர்ந்தனி?"

"ஓம்." அவள் குரல் தாழ்ந்தது. "காலை எடுக்கவேண்டி வந்தாலும் வருமெண்டு டொக்டர் சொன்ன அண்டைக்கு நேர்ந்தனான். நோகிறதுக்கெண்டாலும் ஒரு கால் இருக்கட்டுமெண்டு."

அவன் ஊன்றிய காலைக் கட்டிலில் ஏற்றிச் சாய்ந்தான்.

வெயில் சுவரில் ஏற ஏற விறைப்பு இறங்கியது. முதலில் ஒரு கூச்சம், பிறகு சூடு. பிறகு, வற்றியிருந்த கடலில் நீர் ஏறுவதுபோல, வலி.

"வந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

யோசப்பின் அவன் குதிக்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். தள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவனாகவே காலை இழுத்தான். குதிக்கால் அவள் கையை விட்டு நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. வெள்ளை விரிப்பில், கரையேற்றிய வள்ளம் மணலில் விட்ட தடம்போல, ஒரு நீண்ட மடிப்பு விழுந்திருந்தது.