மூன்றாவது மகரந்தப்பை

பதினோராவது கண்ணாடித்தட்டிலும் சிவப்புத்தான். வினோஜா நுண்ணோக்கியின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோதுமைத் தாய்க்கும் காட்டுப்புல் தந்தைக்கும் பிறந்த பயிர் என்று மூன்று வருடமாக அவள் வளர்க்கும் செடியின் வேர்நுனி அது. மரபைச் சுமக்கும் நிறமூர்த்தங்களில் தந்தைவழி வந்தவை பச்சையாக ஒளிர வேண்டும், தாய்வழி வந்தவை சிவப்பாக. சாயத்தில் பிழை சொல்லவும் வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வாங்கிவந்த வேறொரு கலப்புச் செடியின் தட்டில் பச்சை பளிச்சென்று விழுந்திருந்தது.

பேராசிரியை நோரா மூன்று மணிக்குப் பார்க்க வருவாள். பச்சை தெரிந்தால் வேலை இரண்டு வருடம் நீளும். தெரியாவிட்டால் அடுத்த மாதத்தோடு வேலையும் விசாவும் முடிந்தது. அந்த விசாவின் வாலைப் பிடித்துத்தான் புருஷன் ரிசாந் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான், மகள் அந்நகரின் புருசெத் பகுதியில் பள்ளிக்கூடம் போகிறாள்.

பிழை எங்கே என்று அவளுக்குத் தெரியும். தெரியாதது போல மூன்று வருடம் இருந்ததுதான் அவளுடைய கெட்டித்தனம். கலப்புச் செய்ய முன் தாய்ப்பூவின் மூன்று மகரந்தப்பைகளையும் இடுக்கியால் பிடுங்க வேண்டும். ஒன்று தப்பினாலும் பூ தன் மகரந்தத்திலேயே சூல்கொண்டுவிடும்; பிறப்பது வெறும் கோதுமைதான். அந்தப் பூக்கள் பதத்துக்கு வந்த நாளில்தான் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் செத்தவீடு. போக வழியில்லை, பூவும் பொறுக்காது. செடிகள் வளரும் கண்ணாடிவீட்டில் ஒரு பூச்சாடியில் போனைச் சாய்த்து வைத்து, நேரலையில் பறையைக் கேட்டுக்கொண்டே பிடுங்கினாள். பிரேதம் வாசல் படலை தாண்டியதும் அம்மாவும் பெரியம்மாவும் வீட்டோடு நின்றுவிட்டார்கள். பெண்கள் போகாத சுடலைக்குப் போன் அவளைக் கூட்டிப்போனது. தம்பி கொள்ளி வைத்தபோது இடுக்கி எந்தப் பூவில் நின்றது? இரண்டு பிடுங்கினாளா, மூன்றா? குறிப்பேட்டில் ‘முழுவதும் அகற்றப்பட்டது’ என்று வடிவான கையெழுத்தில் எழுதினாள். மற்ற விதைகளெல்லாம் சூம்பிச் செத்தன; ஒன்று மட்டும் கொழுகொழுவென்று முளைத்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவளோ பொங்கல் வைக்காத குறையாகக் கொண்டாடினாள்.

மூன்று மணிக்குக் கால்மணி இருக்க, தன் தட்டைக் கழற்றிவிட்டு, ஒப்பிட வாங்கிய மற்றச் செடியின் தட்டைப் பொருத்தினாள். பச்சை மின்னியது. கள்ளத்துக்கு இவ்வளவு வடிவா என்று நினைத்தாள். அப்போது ரிசாந் பஸ்ஸின் கடைசித் தரிப்பில் இருந்து போன் எடுத்தான். பச்சை தெரிந்ததா என்று கேட்டான்.

“தெரியுது,” என்றாள். பிறகு கழற்றிவைத்த தன் தட்டைக் கையில் எடுத்தாள். “எங்கட செடியிலை இல்லை. அண்டைக்கு நான் பூவைப் பாக்கேல்லை, அப்பாவைத்தான் பாத்தனான்.”

அவன் பஸ்ஸின் எஞ்சினை நிறுத்துவது போனில் கேட்டது.

“இப்ப என்ன செய்யப் போறீர்?” என்று கேட்டான்.

அவள் போனை வைத்தாள். கதவு திறந்தது. நோரா சிரித்துக்கொண்டே பக்கத்துக் கதிரையை இழுத்தாள். வினோஜா எழும்பவில்லை. மற்றச் செடியின் தட்டு இருந்த நுண்ணோக்கியின் இரண்டு கண்களையும், நோரா பார்க்காதபடி, உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டிருந்தாள்.