சிவப்பு விழுந்த வரி

பரங்கிமலையில் ஏறி மாம்பலத்தில் இறங்குவதற்குள் புஷ்ரா அந்த ஹங்கேரிய நாவலில் ஒரு கிழவரைச் சாகவிட்டாள். பனிக்காலம், மரவீடு, அணைந்துகொண்டிருக்கும் அடுப்பு. மகள் பக்கத்து ஊரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. முன்பென்றால் இப்படி ஒரு பக்கத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, இறங்கவேண்டிய ஸ்டேஷனையும் தாண்டிப் போயிருப்பாள். இன்று பென்சிலை எடுத்து, கிழவரின் மூச்சுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் போட்டிருந்த ஒரு சொல்லையும், அடுப்பு வெளிச்சத்துக்குப் போட்டிருந்த இன்னொரு சொல்லையும் அடிக்கோடிட்டாள். கிழவர் செத்துப்போனார். இரண்டு சொற்களும் நன்றாக இருந்தன.

ஆபீஸ் தி.நகரில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு, நான் ஏன் இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறேன் என்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் தொழில். முதலாளி கோதண்டபாணி ஒருகாலத்தில் விளம்பர கம்பெனியில் இருந்தவர்.

"எல்லாப் பசங்களும் நான் ஹார்ட் ஒர்க்கிங், நான் பேஷனேட்னு எழுதினா, அங்க உக்காந்து படிக்கிறவன் ஒருத்தன இன்னொருத்தன்கிட்டருந்து எப்டிம்மா பிரிப்பான்?" என்று சேர்ந்த அன்றே அவளிடம் கேட்டார். அதற்காகத்தான் வேர்டு பேங்க். எல்லோரும் பார்க்கும்படி கம்ப்யூட்டரில் ஒரு பெரிய அட்டவணை. ஒரு கட்டத்தில் சோப்ளாங்கியான சொல், அடுத்த கட்டத்தில் அதற்குப் பதிலாகப் போடக்கூடிய பலமான சொற்கள், அதற்கும் அடுத்ததில் ஒரு மாதிரி வரி. உழைப்பாளி என்பதற்கே பக்கம் பக்கமாக இருந்தது: விடாப்பிடியான உழைப்பாளி, சத்தமில்லாத உழைப்பாளி, வேர்வை வெளியில் தெரியாத உழைப்பாளி. நாவல் படிக்கிற பெண் என்று தெரிந்ததும் சொல் சேகரிக்கும் வேலையை அவளிடமே கொடுத்துவிட்டார். அவர் அதற்கு மளிகை என்று பெயர் வைத்திருந்தார்.

"இன்னிக்கு மளிகை என்ன வந்திருக்கு?"

"ரெண்டு சார். ஒண்ணு மூச்சுக்கு, ஒண்ணு வெளிச்சத்துக்கு."

"மூச்சு யாருக்கு ஆகும்? சரி போடு, நர்சிங் கேஸ் ஏதாவது வரும்."

ஆரம்பத்தில் இதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை என்று நினைத்தாள். கொரியாவிலிருந்து மழையும், போர்ச்சுகலிலிருந்து சுவர் நிறங்களும் கொண்டுவந்து கொட்டினாள். இப்போது எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பெயரடைகள்தான் எழுந்து நிற்கின்றன. மனிதர்கள் அவற்றுக்குப் பின்னால் எங்கோ போய்விடுகிறார்கள். லஸ் கார்னர் பழைய புத்தகக்கடையில் போன வாரம் ஒரு நாவலைப் புரட்டிப் பார்த்து, "வறட்டு நடை, ஒன்றும் தேறாது" என்று வைத்துவிட்டு வந்தாள். பாதி வழியில்தான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. திரும்பிப் போய் வாங்க அலுப்பாக இருந்தது.

சொற்களுக்கு ஒரு சட்டமும் உண்டு. போன வருடம் இவர்கள் எழுதிக் கொடுத்த இரண்டு பையன்கள் ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஒரே வரியோடு போய்ச் சேர்ந்து, இருவருக்குமே விளக்கம் கேட்டு மெயில் வந்துவிட்டது. அதிலிருந்து ஒரு சொல்லோ வரியோ ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டியதும் அட்டவணையில் அது சிவப்பாகிவிடும். அந்த வருடம் அதே இடத்துக்கு வேறு யாருக்கும் அதைப் போடக்கூடாது.

இன்று அவள் எழுத வேண்டியது தம்பி ஆசிஃபுக்கு.

ஜெர்மனியில் பசைகளைப் பற்றிய ஒரு மேற்படிப்பு. விண்ணப்பம் இன்று மாலையோடு மூடுகிறது. இதற்கு முன் போட்ட இடங்களெல்லாம் முடியாது என்றுவிட்டன. இந்த வருடத்துக்கு மிச்சமிருப்பது இது ஒன்றுதான். லெதர் டெக்னாலஜி முடித்துவிட்டு அவன் ஈக்காட்டுத்தாங்கலில் ஹபீபுர் மாமாவின் பட்டறையில் ஷூவுக்கு மேல்தோல் ஒட்டிக்கொண்டிருந்தான். மாமா ஆம்பூரில் புது யூனிட் திறக்கிறார். இது கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் ஆசிஃபை அங்கே சூபர்வைசராக உட்காரவைப்பதாக முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான். அங்கே போய் உட்கார்ந்தால் அவன் எழுந்திருக்க மாட்டான் என்று புஷ்ராவுக்குத் தெரியும்.

அவனுக்கென்று ஒரு வரி இருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு வாரம் எந்த நாவலிலும் எதுவும் சிக்காமல், மளிகைக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தபோது, சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி உப்புக்கு நீண்ட தம்பியின் கையை நினைத்து அவளே எழுதியது. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கைகளில் தங்கிவிடும் தோல் வாசனை, மழையில் நனைந்த மிருகத்தின் வெதுவெதுப்பு, அடியில் ஒரு கசப்பு என்று போகும். ஆங்கிலத்தில் அது இன்னும் மெதுவாக நடக்கும். வேர்டு பேங்க்கில் அவள் சொந்தமாக எழுதியது அது ஒன்றுதான். அதை வைத்துத் தொடங்கினால் மற்றது தானாக வந்துவிடும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தாள்.

பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டினாள். அந்த வரி சிவப்பாகியது.

பக்கத்து மேசை சாய்நாத் மயிலாப்பூர்ப் பையன், வேலையில் சூட்டிகை. அவளைப் பார்க்காமலேயே சொன்னான்.

"அதுவா, அடையாறு கேஸ். தோல் எக்ஸ்போர்ட் பண்றாளே, அவா பிள்ளை. லெதர்னு தேடினேன், மொதல்ல அதுதான் வந்துது. நன்னா இருந்துது, எடுத்துண்டேன். அந்தப் பிள்ளை ஜென்மத்துல ஒரு தோலைத் தொட்டிருக்க மாட்டான். அவாத்துல பெல்ட்டைக்கூட வேற யாரோ மாட்டி விடறா போலருக்கு."

"அது என் தம்பி கை, சாய்."

சாய்நாத் கீபோர்டிலிருந்து விரலை எடுத்தான். "நீ பேங்க்ல போட்டிருந்தியே."

"போட்டேன்."

கோதண்டபாணி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "அது போன வாரமே போயாச்சும்மா. திரும்ப வாங்க முடியாது. இப்ப உன் தம்பியும் அதையே போட்டா, அவன்தான் காப்பின்னு ஆயிடும். வேற போடு. அதான் கடை நிறைய வெச்சிருக்கியே."

கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். அந்தப் பல்கலைக்கழகம் மலிவு என்பதால் இவர்களிடம் வந்த பாதிப் பேர் அங்கேதான் போட்டிருந்தார்கள். விடாப்பிடியான உழைப்பாளி போய்விட்டான். சத்தமில்லாதவன் போய்விட்டான். ஆர்வத்துக்கு நெருப்பு சம்பந்தப்பட்ட எல்லாமே சிவப்பு. அவளே ரயிலில் உட்கார்ந்து அடிக்கோடிட்டவை. மிச்சமிருந்தது திருப்திகரமான, ஓரளவு, முறையான. தம்பிக்கு அவற்றை உடுத்தி அனுப்ப வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரக்கடையில் கூட்டம் ஏறும் நேரத்தில் ஆசிஃப் படியேறி வந்தான். அரை நாள் லீவு கேட்டிருந்தான். இருவரும் கிளையன்ட்கள் உட்காரும் சின்ன அறைக்குப் போனார்கள்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் சிரித்தான்.

"என் கைய எவனோ எடுத்துக்கினு ஜெர்மனி போறானா. வுடு. கை போனா இன்னா, காலு கீதுல்ல."

"வெளையாடாதடா. சாயங்காலம் மூடிடுவான்."

"சரி, அப்டி இன்னாதான் எழுதின, படி பாப்போம்."

படித்தாள். ஆங்கிலத்தில் ஒருமுறை, அவன் புருவத்தைச் சுருக்கியதால் தமிழில் ஒருமுறை. அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்டியா வருது?"

"எது?"

"வாசனை. தோலு வாசனை நீ சொல்ற மாரியா வருது?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எதுவும் வர்றதில்லக்கா. சேந்த கொஞ்ச நாள்லயே போச்சு."

அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். அவன் யாரோ வேறு ஒருவனைப் பற்றிச் சொல்வது போல் சொன்னான். தோலை ஒட்டும் சொல்யூஷன் டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு பிரஷ்ஷால் தடவும் அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்த ஒரு ஜன்னலையும், தூசி வந்தால் பசை பிடிக்காது என்று மாமா அடைத்துவிட்டார்.

"மொதல்ல ஒரே தலவலி. அப்புறம் நின்னுச்சு. பழகிடுச்சுனு சந்தோசப்பட்டேன். அதோட சேத்து மத்ததும் நின்னுபோச்சுனு ரம்ஜான் கஞ்சி குடிக்கும்போதுதான் தெரிஞ்சுது."

"டாக்டராண்ட போனியா?"

"கிண்டில ஒருத்தரப் பாத்தேன். வரலாம், வராமயும் போவலாம்னாரு."

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லல."

"அம்மா மாமாவாண்ட சண்டைக்குப் போவும். மாமா இன்னா, என்ன மட்டும் புடிச்சு உள்ள போட்டாரா? அவருந்தான் அங்கயே குந்திக்கினு கீறாரு. அவருக்கும் எதுவும் வராது. அவருக்கே அது தெரியாதுனு நெனைக்கிறேன்."

அந்தப் படிப்பு ஏன் என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருந்தாள். வேலை கிடைக்கும் என்பான். இப்போதுதான் சொன்னான், தண்ணீரில் கரையும் பசை ஒன்று இருக்கிறதாம். அது நம்மூர் வெக்கையில் சரியாகப் பிடிப்பதில்லை. பிடிக்க வைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

புஷ்ரா லேப்டாப்பைத் திறந்தாள். தம்பியின் கையைப் பற்றி எழுதியதாக இத்தனை நாள் நினைத்திருந்தது தன்னுடைய மூக்கைப் பற்றியது என்று புரிந்ததும் முதலில் வந்தது வெட்கம். அதற்கு அடுத்ததாக வந்தவை சொற்கள். இழப்பு, மரத்துப்போதல், ஓசை அடங்கிய உலகம். எதிலும் சிவப்பு இல்லை. மூக்கை இழந்த ஒருவனுக்கு இந்த ஆபீஸ் இதுவரை எழுதியதில்லை. விரல்கள் தாமாக ஓடின. முதல் பத்தி முடிந்ததும் அவனுக்குப் படித்துக் காட்டினாள்.

"நல்லா கீதுக்கா," என்றான் ஆசிஃப். "ஆனா யாரோ செத்துட்டா மாரி கீது."

"வேற எப்டி எழுதச் சொல்ற?"

"நா சொல்றேன். நீ அடிச்சுக்கினே வா. நடுவுல எதுவும் சேக்காத."

அவன் பாதி தமிழிலும் பாதி தன் கல்லூரி ஆங்கிலத்திலும் சொன்னான், அவள் தட்டினாள். நான் ஒரு அறையில் வேலை செய்கிறேன். அறைக்கு ஜன்னல் இல்லை. எட்டுப் பேர் இருக்கிறோம். இன்ன பசை, அதில் கலந்திருப்பது இது. எனக்கு வாசனை தெரியாது. வீட்டில் பால் கெட்டுவிட்டதா என்று அக்காவைக் கேட்டுத்தான் குடிப்பேன்.

அவள் தட்டுவதை நிறுத்தினாள். "அதுக்குத்தான் டெய்லி என்னைக் கூப்பிட்டு மோந்து பாக்கச் சொல்வியா? சோம்பேறின்னு திட்டிக்கிட்டே இருந்தேனே."

"திட்டினாலும் பாத்து சொல்வியே. போ, அடி."

பசை எங்கே தோற்கிறது, எந்த மாதம் அதிகம் பிரிந்து வருகிறது, அவன் இரண்டு தடவை முயன்று பார்த்துக் கெடுத்த தோல்கள் எவை என்று கடிதம் போய்க்கொண்டே இருந்தது. தூக்கிக் காட்டும்படி ஒரு சொல் இல்லை. முடிகிற நேரத்தில் கோதண்டபாணி வந்து, நின்றபடியே திரையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"விஷயம் இருக்கும்மா. இல்லேங்கல. ஆனா ஒரு டிஸ்க்ரிப்டிவ் வேர்டு கூடக் கிடையாதே, ஃபேக்டரி ரிப்போர்ட் மாதிரி இருக்கு. படிக்கிறவன் மனசுல நிக்க வேணாமா? அந்த ரூமுக்காவது சஃபகேட்டிங்னு ஒண்ணு போடு. வேற யாருக்காவது எழுதினா இப்டி விடுவியா? இது போச்சுன்னா பையனுக்கு இந்த வருஷம் அவ்ளோதான், பாத்துக்கோ."

அவர் சொல்வது தவறென்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவர் கை பட்டுப் போன கடிதங்களில் பாதிக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அந்தச் சொல் சிவப்பிலும் இல்லை. கர்சரை அறை என்ற சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"உள்ள மூச்சு முட்டுமா?"

ஆசிஃப் நிஜமாகவே யோசித்தான். "இல்லக்கா. முட்டுனா எழுந்து வெளிய வந்துட மாட்டோமா? ஒண்ணுமே தெரியாது. அதான் பிரச்சினையே."

அவள் அதை அப்படியே தட்டினாள். உள்ளே இருக்கும்போது எதுவும் தெரிவதில்லை, பிரச்சினை அதுதான். கோதண்டபாணி அதையும் படித்தார். பிறகு, "உங்க இஷ்டம்," என்று போய்விட்டார்.

அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் பக்கம் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் வந்து சேர்ந்தது என்றது.

"எப்டி கீது? கெடைக்குமா?" என்றான் ஆசிஃப்.

"தெரியல," என்றாள். இந்த அறையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோரிடமும் கண்டிப்பாகக் கிடைக்கும் என்றுதான் இதுவரை சொல்லியிருந்தாள்.

அவன் எழுந்து பையை மாட்டினான். "சரி, நா கெளம்பறேன். ஒரு லாட் பாதில நிக்குது. மாமா வந்து ஒட்டிக் குடுத்துட்டுப் போன்னாரு."

"அந்த ரூமுக்கா?"

"வேற எங்க?"

புஷ்ரா லேப்டாப்பை மூடினாள். சாய்நாத்திடம் போய்த் தன் மேசை விளக்கை அணைத்துவிடச் சொல்லிவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு அவனோடு படியிறங்கினாள்.

"நீ எங்க வர்ற?"

"மாமாவாண்ட பேசணும்."

"இன்னாத்தப் பேசுவ? அவரு காதுல வாங்க மாட்டாரு."

"பாப்போம். அந்த ஜன்னலத் தொறக்கச் சொல்றேன்."

"தூசி வரும்பாரு."

"வரட்டும்."

உஸ்மான் ரோட்டில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் நடைபாதையை விட்டு வழிந்துகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தார்கள். மாமாவிடம் எப்படி ஆரம்பிப்பது, என்ன சொன்னால் அவருக்கு உறைக்கும் என்று அவள் எதையும் தேடிப் பார்க்கவில்லை. கால் வலித்தது. ஈக்காட்டுத்தாங்கல் பஸ் வந்ததும் தம்பி முண்டியடித்து முதலில் ஏறி, அவளுக்காக ஜன்னலோரம் கையை ஊன்றி இடம் பிடித்தான்.