கோல்கீப்பர் சாப்பிடப் போயிருக்கிறார்

உலகத்தில் கோல் விட்ட கோல்கீப்பர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பந்து வேகமாக வந்தது, வெயில் கண்ணில் அடித்தது, கால் வழுக்கியது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். திருப்பருத்திக்குன்றம் ஜினகுமாருக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. கோல் விழுந்தபோது அவன் கோலிலேயே இல்லை. இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நடந்தது ஐம்பத்தெட்டில். தாமல் ஊர்க்காரர்களோடு ஹாக்கி இறுதி ஆட்டம். ஆளுக்கொரு கோல் போட்டு, கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சமணக் குடும்பங்களில் பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் படக்கூடாது. இருட்டில் சாப்பிட்டால் பூச்சி பொட்டு விழுந்து சாகும், அந்தப் பாவம் சாப்பிட்டவனைச் சேரும். சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பந்தோ எதிர்க்கோடியில் கிடந்தது. ரெண்டு வாய் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிடலாம் என்று நினைத்தான், அப்போது இருபத்தோரு வயதான ஜினகுமார். மூன்றாவது வாய் இறங்கும்போது தாமல்காரன் பந்தைக் காலி கோலுக்குள் உருட்டிவிட்டான்.

அன்றோடு ஊர் ஹாக்கி படுத்துக்கொண்டது. ஊர்ச் சமணப் பிள்ளைகளும் பக்கத்துப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிய டீம் அது. நீயா நானா என்று சண்டை கிளம்பி, ஆற்றங்கரைத் திடலில் முள் மண்டியது. மட்டைகள் கொடிக்கம்பு தாங்கவும் புளி உலுக்கவும் போயின. கேப்டனாக இருந்த மயில்வாகனம் ஜினகுமாரை எதிரே கண்டால் சைக்கிளைச் சந்துக்குள் திருப்பிவிடுவான். பதின்மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜினகுமார் மல்லாக்கொட்டை வியாபாரம் செய்தான், மனோன்மணியைக் கல்யாணம் செய்துகொண்டான், தொப்பையும் லேசாக வைத்தது. ஆனால் ஆசை ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் அந்தக் கோலில் நிற்க வேண்டும், கடைசி விசில் வரைக்கும் நகராமல் நிற்க வேண்டும். விரதத்துக்காகப் போனான் என்று ஊரில் பாதிப் பேர் மன்னித்திருந்தார்கள். விரதம் பாதி, பசி பாதி என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடும்.

எழுபத்தொன்று தை மாதம் தாமலிலிருந்து ஒரு கார்டு வந்தது. "மாசி அமாவாசைக்கு உங்கள் ஊரில் ஒரு நட்பு ஆட்டம் ஆடலாமா? உங்கள் கோல்கீப்பருக்கு மட்டும் நாங்களே சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறோம்."

ஊருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மனோன்மணி அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு நேராகப் பிள்ளையார்பாளையம் போய், தறியில் உட்கார்ந்திருந்த மயில்வாகனத்தின் முன்னால் நீட்டினாள்.

"படிச்சிக்க அண்ணே. இது எங்கூட்டுக்காரர மட்டும் சொல்லல. உன்னியும் சேத்துதான் சொல்லிக்கினு இருக்கறானுங்க."

மயில்வாகனம் இரண்டு தரம் படித்தான். "அமாவாச அன்னிக்குத் தறிக்கு லீவுதான். நான் வர்றேன்மா. ஆனா உங்கூட்டுக்காரர் கோல்ல நின்னா வரமாட்டேன்."

"அப்ப நீயே நில்லு."

மயில்வாகனம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டான். முழங்காலில் பந்து வாங்க ஊரில் வேறு எவனும் தயாராக இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படித்தான் ஜினகுமாருக்கு இடம் கிடைத்தது.

பிறகு நடந்த கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். தறிச் சாமான் செய்யும் ஆசாரி தணிகாசலம், வளைந்த புளியங்கிளையாகத் தேடிப் பிடித்து மட்டை இழைத்துக் கொடுத்தார். நெசவாளர் தெருப் பெண்கள் மிஞ்சின நூலைத் திரித்துக் கோலுக்கு வலை பின்னினார்கள். மனோன்மணி தலையணையைப் பிரித்து, பஞ்சைத் திணித்து, புருஷன் காலுக்குக் கவசம் தைத்தாள். திடலில் முள் வெட்டும்போது ஒரு மூலையில் எறும்புப் புற்று இருந்தது. அதைக் கலைக்கக்கூடாது என்று சமணப் பெரியவர்கள் ஒரே பிடியாக நின்றதால் மைதானத்தையே பத்தடி நகர்த்தினார்கள். இடப்பக்கம் கொஞ்சம் சரிவாகிவிட்டது. பரவாயில்லை, இரண்டு டீமுக்கும் ஒரே சரிவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

ஆட்டம் மூன்றரைக்கு என்று பேச்சு. தாமல்காரர்கள் பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு நாலே முக்காலுக்குத்தான் வந்து இறங்கினார்கள். வேண்டுமென்றே செய்ததுதான், சந்தேகமே இல்லை. டவுனிலிருந்து வந்த டிரில் மாஸ்டர் முனுசாமி விசில் ஊதினார்.

முதல் நாள் சதுர்த்தசி என்பதால் ஜினகுமார் உபவாசம். ஆட்டத்தன்று காலையிலோ பயத்தில் கஞ்சிகூட இறங்கவில்லை. "ஒரு ராத்திரி பட்டினி கெடந்தா செத்தா பூடுவேன்? இன்னிக்கு நான் நகரமாட்டேன்" என்று மனோன்மணியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான்.

பிரமாதமாகத்தான் நின்றான். ஆறு பந்தைத் தடுத்தான், ஒன்றை வயிற்றாலேயே. ஆனாலும் விதி விடுமா? ஆறு மணிக்கு ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரம் என்று முனுசாமி அறிவித்ததும் திடலைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எல்லார் கண்ணும் முதலில் சூரியனைப் பார்த்தது, அப்புறம் ஜினகுமாரைப் பார்த்தது. அவன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு பந்து அவனைத் தாண்டிப் போய்க் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அது வந்ததே அவனுக்குத் தெரியவில்லை. தாமல் கோல் பக்கம் நின்ற மயில்வாகனம் ஓடிவந்தான். திட்டத்தான் வருகிறான் என்று ஜினகுமார் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"டேய் ஜினா, போய்த் துன்னுட்டு வா."

பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை இது. ஜினகுமார் தலையை ஆட்டினான். "மாட்டேன். செத்தாலும் இங்கதான்."

"சொல்றத கேளுப்பா. உனுக்குக் காலு நடுங்கிக்கினு இருக்குது. கோல நான் பாத்துக்கறேன்."

"அன்னிக்கி மாதிரி..."

"அன்னிக்கி நீ கோல உட்டுட்டுப் போனத நான் பாத்தேன்டா." மயில்வாகனம் தரையைப் பார்த்தபடி சொன்னான். "பாத்துட்டும் வரல. நான் இங்க வந்து நின்னா ஜெயிக்கற கோல நம்மாளுங்கள்ல வேற எவனாவது போட்டுடுவான்னு அங்கயே நின்னுக்கினு இருந்தேன். இத்தினி வருசமா ஊரு உன்னிய திட்டுச்சு, நான் வாய மூடிக்கினு இருந்தேன்."

ஜினகுமாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் மட்டையாலேயே ஒன்று வைத்திருக்கலாம். ஆனால் அவனுக்கு வந்தது அழுகை. பதின்மூன்று வருஷமாகத் தனியாகச் சுமந்ததை ஒருவன் பாதி வாங்கிக்கொண்டதும் உடம்பே லேசாகிவிட்டது.

ஆள் மாற்றிக்கொள்கிறோம் என்று மயில்வாகனம் கை தூக்க, முனுசாமி சரி என்றார். மனோன்மணி தூக்குச்சட்டியைத் திறந்தாள். சூரியன் இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது. ஜினகுமார் நாலு வாய் அள்ளிப் போட்டிருப்பான், தாமல்காரன் ஒருவன் சரிவுப் பக்கமிருந்து இழுத்து அடித்தான். கோலில் நிற்பதென்றால் என்னவென்றே தெரியாத மயில்வாகனம் இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு குனிந்தான். பந்து நடுவில் புகுந்து புது வலையைப் போய்ச் சேர்ந்தது.

அத்தோடு நேரமும் முடிந்து விசில் ஊதியாயிற்று. ஊர் தோற்றுவிட்டது.

 எல்லார் பார்வையும் மயில்வாகனத்தின் மேல் இருந்தது. அந்தப் பார்வை எப்படிச் சுடும் என்று அங்கே இருந்த முந்நூறு பேரில் ஒருவனுக்குத்தான் தெரியும். ஜினகுமார் எச்சில் கையோடு ஓடினான். மயில்வாகனத்தின் பக்கத்தில், கோலுக்குள்ளேயே போய் நின்றுகொண்டான்.

"இன்னா எல்லாரும் முறைக்கறீங்க?" என்று கத்தினான். "கேப்டன் எனுக்காக நின்னாரு. திட்டறதுன்னா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டுங்க!"

யாரும் திட்டவில்லை. ஆசாரி தணிகாசலம்தான் முதலில் சிரித்தார். அப்புறம் ஊரே சிரித்தது, தாமல்காரர்கள் உட்பட. சிரிப்பு அடங்குவதற்குள் நெசவாளர் கூட்டத்திலிருந்து ஒரு குரல், அடுத்த அமாவாசைக்கு ஆட்டம் தாமலிலா இங்கேயா என்று கேட்டது. மயில்வாகனம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜினகுமாரின் தோளில் கைபோட்டான்.

"தாமல்லயே வச்சிக்கலாம்" என்றான். "நாம காலைலயே போயிடுவோம், இன்னாப்பா ஜினா?"