பக்கத்து சீட்டு

போர்வைக்குள் அக்காவின் வலது பாதம் மறுபடியும் ஒருமுறை அழுந்தி எழுந்தது. ஊசி போட வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "கால் வலிக்குதா இவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றார் தம்பி. "பிரேக் போடறாங்க."

நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அக்கா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். பழகுகிறவருக்குப் பக்கத்து சீட்டில், காலடியில் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு பாதி ஆயுசைக் கழித்தவள். பஸ்ஸில் போனாலும் சரி, டிவியில் ஒரு கார் தறிகெட்டுப் போனாலும் சரி, அந்தக் கால் தானாகத் தரையைத் தேடும். இப்போது இதயம் களைத்துப்போய்க் கண் பாதி மூடிக் கிடக்கும்போதும் கால் மட்டும் வேலையை விடவில்லை. யாரோ ஒரு மாணவன் எங்கேயோ நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போகிறான் போலிருக்கிறது.

அவருக்கு ஐம்பது வயதாகிவிட்டது. மருந்துக்கடையில் அவருக்குக் கீழே ரெண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஆனாலும் அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெரு முழுக்க அவருக்குத் தம்பி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அக்கா கண்ணைத் திறந்தாள். "சிட்டு வந்துட்டாளா?"

"காலேஜ்ல இருந்து கிளம்பிட்டாளாம். ரெண்டு பஸ் மாறி வரணும்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். காரை எடுத்துடலாமா?"

தம்பி பிளாஸ்கைத் திறந்து மூடினார். "நீ எழுந்து வா. வந்ததும் பார்க்கலாம்."

"நான் எழுந்து வர்றதுக்கும் காருக்கும் என்னடா சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது, அது ரெண்டு பேருக்கும் தெரியும். அவருடைய ஒரே மகள் சிட்டு படிக்கும் காலேஜ் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. ஆய்வக வகுப்பு உள்ள நாட்களில் தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வீடு திரும்புவாள். ஒருநாள் ரெண்டாவது பஸ்ஸைத் தவறவிட்டு, ஷட்டர் இறக்கிய கடை வாசலில் தனியாக நின்றிருக்கிறாள். அந்த வாரமே அக்கா தன் சேமிப்பை எடுத்து வைத்து, நம்பி ஓட்டக்கூடிய பழைய கார் ஒன்று தேட ஆரம்பித்தாள். கொஞ்ச நாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போய் வருவாள் என்பதால்தான் தம்பியும் அரை மனதாகத் தலையாட்டினார். மகளை நம்பினார், காரையும் நம்பத் தயார். சாலையில் போகிற மற்றவர்களை மட்டும்தான் அவரால் நம்ப முடியவில்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அக்கா, கூடப் பிறந்தவனுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். ஸ்கூல் வாசலிலேயே அவர் வண்டியை ஏற்றி, 'வெற்றி நிச்சயம்' என்று எழுதியிருந்த பலகையைச் சாய்த்தார். அக்கா அன்று திட்டவில்லை. இறங்கி வந்து பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "விடுடா. நீ பக்கத்துல உட்காரு. நான் இருக்கேன்ல," என்றாள்.

அப்படித்தான் இருந்தாள். அப்பா போன பிறகு அவரைப் படிக்க வைத்தவள் அவள். பரீட்சைக்கு, பெண் பார்க்க, கல்யாணத்துக்கு, மனைவிக்கு வலி எடுத்தபோது ஆஸ்பத்திரிக்கு என்று அவருடைய வாழ்க்கையில் நடந்த நல்லதற்கெல்லாம் அவரை ஏற்றிக்கொண்டு போனவளும் அவள்தான். அவர் ஒரு பயணத்துக்கும் வழி கேட்டதில்லை. ஏறி உட்கார்ந்தால் போதும், இடம் வந்துவிடும்.

சிட்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அக்கா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டு பஸ்ஸா?" என்று கேட்டாள்.

"ஆமா அத்தை."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்ல வேண்டியதைக் கண்ணாலேயே சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். போர்வைக்குள் கால் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தியது. அந்தி சாயும் நேரத்தில் தம்பி தன் கையை அந்தப் பாதத்தின் மேல் வைத்திருந்தார். அது ஓய்ந்துவிட்டதை டாக்டருக்கு முன்னால் அவர்தான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் வாடகை நாற்காலிகள் வந்து இறங்கின. வீட்டில் கூட்டம் கொள்ளவில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அக்காவிடம் ஓட்டப் பழகியவர்கள். பல் டாக்டர், காய்கறி மொத்த வியாபாரி, ஒரு நீதிபதிகூட. துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல், ஒவ்வொருவரும் தான் எங்கே எதில் இடித்தார் என்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என் பக்கத்துல அவங்க காலை மடக்கவே மாசக் கணக்காச்சு," என்றார் நீதிபதி. சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டு, பிறகு சட்டென்று அடங்கினார்கள்.

அது அக்காவின் வழக்கம். மாணவன் தேறிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றும் நாளில், பிரேக்கின் மேலிருந்து ரெண்டு காலையும் எடுத்து சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொள்வாள். வாயால் ஒரு வார்த்தை பாராட்ட மாட்டாள். அக்கா காலை மடக்கிவிட்டாள் என்றால் லைசென்ஸ் கிடைத்த மாதிரி, மற்றதெல்லாம் வெறும் காகிதம். சிட்டுவுக்கு அது சீக்கிரமே நடந்துவிட்டது. தம்பிக்கு நடக்கவே இல்லை.

வாசலில் கார் புரோக்கர் தயங்கி நின்றார். அக்காவுக்கு இத்தனை நாளாகப் பழைய கார்களாகக் காட்டி அலுத்துப்போன மனிதர். தெருக்கோடியில் வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார் நின்றிருந்தது. தம்பி அதைப் பார்த்தார். பார்த்ததுமே சொல்ல வேண்டிய பதிலை மனதுக்குள் அடுக்கிக்கொண்டார். அக்கா இல்லாமல் கார் வேண்டாம். பெண் ஹாஸ்டலில் இருந்து படிக்கட்டும்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்," என்றார் புரோக்கர். "வியாபாரத்துக்கு வரல. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே டீச்சர் இன்னிக்குக் காலையில வண்டியைக் கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க. விஷயம் தெரிஞ்ச பிறகும் கொண்டு வராம இருக்க மனசு வரல. விடியறதுக்குள்ள வந்து நிறுத்திட்டேன்."

"அவ்வளவு சீக்கிரம் எதுக்கு?"

"பானெட்டைத் தொட்டுப் பார்ப்பாங்க சார். சூடா இருந்தா, ஏற்கனவே ஸ்டார்ட் பண்ணிக் கொண்டு வந்திருக்கேன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. ஆறிப்போன வண்டி ஒரே தடவையில கிளம்பணும்பாங்க." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கும் தொட்டுப் பார்ப்பாங்கன்னு ஒரு நெனப்பு."

தம்பி தெருக்கோடி வரை நடந்து போனார். காரின் பானெட்டில் கையை வைத்தார். சில்லென்று இருந்தது.

"இஞ்சின் சுத்தம். டயர் நாலும் ஒரே சீராத் தேஞ்சிருக்கு. பார்ட்ஸ் தெருமுனைக் கடையிலயே கிடைக்கும். பெட்ரோலும் அதிகம் குடிக்காது," என்று ஒப்பித்தார் புரோக்கர். "ஆனா டீச்சர் அதுக்காக இதைப் பிடிக்கலை சார். இதெல்லாம் நல்லா இருந்த வண்டியைக்கூட வேண்டாம்னு தள்ளினாங்க. ஒவ்வொரு வண்டியிலயும் பக்கத்து சீட்டுலதான் ஏறி உட்காருவாங்க. உட்கார்ந்து காலைப் பின்னால மடக்கிப் பார்ப்பாங்க. சிலதுல சீட்டுக்கடியில கம்பி இடிக்கும், சிலதுல இடமே இருக்காது. உடனே இறங்கிடுவாங்க."

"அவ உட்கார வசதி பார்த்திருக்கா."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எனக்கு இல்லப்பா. என் தம்பிக்கு. பொண்ணு ஓட்டப்போறா, அவன் ஆயுசுக்கும் பக்கத்து சீட்டுதான். பயந்தாங்கொள்ளி, கால் சும்மா இருக்காது. என்னிக்காவது ஒருநாள் மடக்கி வச்சுக்க இடம் வேணும்ல'ன்னாங்க. இந்த வண்டியில உட்கார்ந்து பார்த்துட்டு, 'இது போதும்'னு சொன்னாங்க."

தம்பி காரின் கூரையில் கையை ஊன்றி நின்றார். என்ன புண்ணியம் செய்தேன் இப்படி ஒருத்திக்குப் பின்னால் பிறக்க என்று நினைத்தார். அடுக்கி வைத்திருந்த பதிலைத் தேடினார், அது கிடைக்கவில்லை.

வீட்டு வாசலில் அக்காவை வேனில் ஏற்றிவிட்டார்கள். அவளோடு வேலை பார்த்தவர்கள், நாங்கள்தான் கூட வருவோம் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டதில் வேன் நிறைந்துவிட்டது. தம்பியின் மனைவி வெளியே வந்து, "நாம எதுல போறது?" என்று கேட்டாள்.

தம்பி மகளைப் பார்த்தார். "சிட்டு, உன்னால ஓட்ட முடியுமா?"

அவள் அழுது வீங்கிய கண்ணோடு அவரைப் பார்த்தாள், பிறகு காரைப் பார்த்தாள். "மூஞ்சி கழுவிட்டு வரேன்ப்பா. அழுத கண்ணோட ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதுன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

புரோக்கர் சாவியை நீட்டினார். "மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்."

"பேச என்ன இருக்கு? அவ பார்த்து எடுத்த வண்டி," என்றார் தம்பி. "எங்களுதுதான்."

சிட்டு கண்ணாடிகளைச் சரிசெய்தாள், பெல்ட்டைப் போட்டாள், அவரையும் போடச் சொன்னாள். அம்மா பின் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சாவியைத் திருப்பியதும் கார் ஒரே தடவையில் கிளம்பியது.

வேனுக்குப் பின்னால் அவ்வளவு வண்டிகளும் வரிசையாகப் போயின. டிரைவிங் ஸ்கூல் கார்கள், டாக்டருடையது, வியாபாரியின் பழைய வேன், நீதிபதியின் பெரிய கார். எல்லாரும் ஒரே ஆளிடம் படித்தவர்கள். ஒரே வேகத்தில், ஒரே இடைவெளி விட்டுப் போனார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் முந்தவில்லை. பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு வண்டியாக இடதுபக்க விளக்கைப் போட்டு, நின்று, பார்த்து, திரும்பியது. அப்படி ஒரு ஒழுங்கை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

முன்னால் போன வண்டி நின்றது. தம்பியின் வலது கால் பதறித் தரையை அழுத்தியது. அங்கே வெறும் மிதியடிதான் இருந்தது. கார் அதற்கு முன்னாலேயே மெதுவாக நின்றிருந்தது.

சிட்டு சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். "பயமா இருக்காப்பா?"

"இருக்கு," என்றார். "நீ ஓட்டும்மா."

விளக்கு இடதுபக்கம் மினுக் மினுக்கென்று அடித்தது. அவள் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். தம்பி ரெண்டு காலையும் மெல்லப் பின்னால் இழுத்து, சீட்டுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டார். இடம் தாராளமாக இருந்தது.