இடது காலுக்கு வேலையில்லை

அறுவை சிகிச்சைக்குப் பிறகு செவிலியின் இடது கால் நடப்பதற்கு ஒத்துழைத்தது. முழங்கால் மடங்குவதற்கு மட்டும் மறுத்தது. மடங்காத காலால் கிளட்சை மிதிக்க இயலாது. அவளுடைய பழைய ஜீப்பைத் தவிர வேறெந்த வண்டியும் மலைமேட்டு வீடுகளுக்கு ஏறாது. தானே ஓட்டிச் சென்றால், அந்த வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துவரும் சுற்று அவளுக்கு. இல்லையேல் மருந்துக் கிடங்கில் ஒரு நாற்காலி. மேலதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"நான் கொண்டுபோய் விடறேன்னா கேக்க மாட்டேங்கிற" என்றார் லாரி ஓட்டுநரான அவள் கணவர்.

"நீங்க பாதி நாள் வெளியூர்ல. அன்னிக்கு நோயாளி காத்துக்கிட்டு இருப்பாங்களா?"

வழி கண்டவன் வண்டிப் பட்டறை வைத்திருந்த அவள் தம்பி. நசுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டு வந்தான். அதைப் பொருத்திவிட்டால் கிளட்ச் பெடலே தேவையில்லை.

புதிய பெட்டி பழையதைவிட நீளமானது. அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பின்னால் தள்ளிப் பற்றவைத்தார்கள்; சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகளில் பின்னதைக் குறைத்து, முன்னதை நீட்டினார்கள். எல்லாம் முடிந்து இன்ஜினோடு இணைக்கும்போது விரலகல இடைவெளி மூடாமல் நின்றது.

"போல்ட்டை முறுக்கு மச்சான், தானா ஒட்டிக்கும்" என்றார் உதவிக்கு நின்ற கணவர்.

"முறுக்கினா உள்ள பம்ப் நொறுங்கிடும், அத்தான். உதைச்சுத் தள்ள இது உங்க லாரிக் கதவு இல்ல."

தம்பி பெட்டியைப் பின்னுக்கு இழுத்து, அதன் முகப்பில் கிளட்சுக்குப் பதிலாக இருந்த உருண்டையான கன்வெர்ட்டரைக் கையால் சுற்றிச் சுற்றி அழுத்தினான். 'டக்'கென்று அது உள்ளே அமர்ந்தது. பெட்டியை மறுபடி முன்னால் தள்ளியபோது இடைவெளி தானாகவே மூடிக்கொண்டது.

கிளட்ச் பெடல் இருந்த இடம்வரை அகன்ற பிரேக் பெடல் ஒன்றையும் மாட்டினான்.

"முதல்ல நான் ஓட்டிப் பாக்கறேன். எனக்குச் சரின்னு பட்டாத்தான் சாவி" என்றார் கணவர்.

பட்டறை முற்றத்தில் ஜீப் அழகாகத்தான் உருண்டது. வாசலருகே வேகத்தைக் குறைக்க நினைத்தவரின் இடது கால், பழக்கதோஷத்தால், இல்லாத கிளட்சைத் தேடிப் பிரேக்கை முழுவதுமாக மிதித்தது. வண்டி ஆணியடித்தாற்போல் நின்றது. அவர் மார்பு அழுந்தி ஹாரன் அலறியது.

"இத்தனை வருஷ சர்வீஸ்! எறங்குங்க அத்தான், நான் காட்டறேன்" என்று சிரித்தபடி ஏறிய தம்பியும் அதே வாசலில் அதே காலால் மிதித்தான். மூக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினான்.

கணவர் சிரிக்கவில்லை. சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். "எங்களுக்கே இப்படி. மலை வளைவுல நீ இப்படி மிதிச்சா? வேணாம். கிடங்குக்கே போ."

"ஏங்க, உங்க ரெண்டு பேர் காலும் சும்மா இருக்க மாட்டேங்குது. என் கால் மடங்கினாத்தானே மிதிக்கும்?"

அவர் அவளுடைய மடங்காத காலைப் பார்த்தார். சாவியை அவள் கையில் வைத்தார்.

அவள் ஏறி, இடது காலை ஓரமாக நீட்டிவைத்தாள். கணவர் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். வாசலில் ஜீப் குலுங்காமல் வேகம் தணிந்தது. பட்டறைக்குப் பின்னாலிருந்த செங்குத்தான மண்மேட்டில் மூச்சுவாங்காமல் ஏறியது. மேட்டு வளைவில் ஒரே ஒரு சத்தம்: அவருடைய இடது கால் வெறுந்தரையை ஓங்கி மிதித்தது.

"அங்க ஒண்ணும் இல்லைங்க."

"தெரியுது" என்றவர் கேட்டார்: "திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"நீங்க தூங்குங்க. நான் போய்க்கிறேன்."